சாப்பாட்டுக் கோப்பையின் சரித்திரம்



எமது குடும்பங்களில் ஒருவருக்கு நீரிழிவு, அதாவது நாங்கள் பேச்சில் சொல்லும் சீனி வருத்தம், இருக்கிறது என்று டொக்டர் சொன்னவுடன் வீட்டில் எழுகின்ற முதற் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "அப்ப இனிச் சோறு சாப்பிடேலாதோ?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். வீட்டையும் வளவையும் விட்டு வந்தோம். எமது பிள்ளைகளிற் பலர் மொழியையும் பாதி விட்டுவிட்டார்கள். சமையலறை ஒன்றுதான் இன்னும் ஊர் மணத்தோடு இருக்கிறது. அதையும் விடச் சொல்கிறார்களே என்ற மனக்குறையில் சிலர் வருத்தத்தையே மறைத்துவிடுகிறார்கள். சிலர் மூன்று மாதம் ஓட்ஸ் கஞ்சியோடு தனியே இருந்து, பிறகு வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பழையபடி தொடங்கிவிடுகிறார்கள். இதன் விலையைக் கண்ணும் காலும் சிறுநீரகமும் கொடுக்கின்றன.

ஆகவே இம்மாதப் பேச்சில் இரண்டு சரித்திரங்களைச் சேர்த்துப் பார்ப்போம். ஒன்று, இந்த வருத்தத்துக்கு உணவால் வைத்தியம் செய்த சரித்திரம். மற்றது, எமது சாப்பாட்டுக் கோப்பை இன்றைய வடிவத்துக்கு வந்த சரித்திரம். இரண்டையும் அறிந்தால், எதை விடவேண்டும், எதை விடத் தேவையில்லை என்பது ஓரளவு தெளிவாகும்.

தேன் போன்ற நீர்

நீரிழிவு புதிய வருத்தம் அல்ல. பண்டைய இந்திய வைத்திய நூல்களான சுசுருத சங்கிதையும் சரக சங்கிதையும் இதனை மதுமேகம் என்று அழைத்தன. மது என்றால் தேன். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். இளவயதில் மெலிந்தவர்களுக்கு வருவது ஒரு வகை, வயது வந்து உடல் பருத்தவர்களுக்கு வருவது இன்னொரு வகை என்றும் பிரித்துச் சொன்னார்கள். எமது சித்த வைத்தியத்திலும் மதுமேகம் என்ற பெயர் உண்டு.

ஐரோப்பாவில் 1674 இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்த நோயாளிகளின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று எழுதினார். 1776 இல் லிவர்பூல் நகர வைத்தியர் மத்தேயு டொப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சீனியே என்று காட்டினார். இரத்தமும் இனிக்கிறது என்பதையும் அவர் கண்டார். அதாவது இது சிறுநீரில் மட்டும் உள்ள கோளாறு அல்ல, உடல் முழுவதற்கும் உரியது என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

சீனி வெளியேறுகிறது என்று தெரிந்ததும், உணவை மாற்றிப் பார்க்கும் யோசனை வந்தது. 1797 இல் ஜோன் ரொல்லோ என்ற இராணுவ வைத்தியர், பருத்த உடம்புள்ள ஒரு கப்டனுக்கு மரக்கறியையும் மாப்பொருளையும் பெருமளவு குறைத்து, இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்தார். நோயாளி மெலிந்தார், சிறுநீரில் சீனியும் குறைந்தது. 1870-71 இல் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது அங்கே உணவு தட்டுப்பட்டது. பூஷார்டா என்ற வைத்தியர் தமது நீரிழிவு நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சீனி இல்லாமற் போனதைக் கண்டார். முற்றுகை என்றால் என்ன, தட்டுப்பாடு என்றால் என்ன என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் அதிலிருந்து பெற்ற பாடம் எளிமையானது: குறைவாகச் சாப்பிடுங்கள், உடலை வேலை வாங்குங்கள்.

இந்தப் பாடம் பிறகு அளவு கடந்தும் போனது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் நியூயோர்க்கில் பிரெடெரிக் அலன் என்பவர் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே வைத்தியம் செய்தார். இன்சுலின் சுரக்காத பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி, சிறிது காலம் மட்டும் கூட வாழ்ந்தார்கள். 1921 இல் ரொறன்ரோவில் பாண்டிங், பெஸ்ட், மக்லியொட், கொலிப் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது.

இன்சுலின் வந்த பின்னரும் ஒரு புதிர் இருந்தது. சிலருக்கு அது உடனே வேலை செய்தது, சிலருக்கு அவ்வளவாகச் செய்யவில்லை. 1936 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையைச் சேர்ந்த ஹரல்ட் ஹிம்ஸ்வேர்த் இதனை இரண்டு வகை நீரிழிவு என்று சோதனை மூலம் காட்டினார். முதல் வகையில் இன்சுலின் இல்லை. இரண்டாம் வகையில் இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பழைய இந்திய வைத்தியர்கள் கண்ணால் கண்டு பிரித்ததற்கு இவ்வாறு ஆய்வுகூடத்தின் ஆதாரம் கிடைத்தது. நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

தேம்ஸ் கரையில் சீனி

இப்போது பிளேஸ்டோவுக்கு வருவோம். எமது பகுதிக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் சில்வர்டவுன் இருக்கிறது. அங்கே 1878 இல் ஹென்றி ரேற் சீனி ஆலையைத் திறந்தார். சற்று மேற்கே, பிளேஸ்டோவின் பெயரையே தாங்கிய பிளேஸ்டோ துறையில் ஏப்ரகாம் லைல் என்பவரின் ஆலை 1883 அளவில் இயங்கத் தொடங்கியது. சிங்கப்படம் போட்ட தகரப்பேணியில் வரும் கோல்டன் சிரப் அங்கிருந்து வருவதுதான். இரண்டு கம்பனிகளும் 1921 இல் ஒன்றாகி 'ரேற் அன்ட் லைல்' ஆயின. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இந்த ஆலைகளுக்குக் கரும்புச்சீனி எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகள், மொரீசியஸ், பிஜி போன்ற இடங்களிலிருந்து. அந்தத் தோட்டங்களில் முதலில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பின்னர் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். மொரீசியசுக்கு 1834 முதல் இந்தியத் தொழிலாளர்கள் சென்றார்கள். 1860 இல் மதராசிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு முதற் தொகுதியினரைக் கொண்டுபோனது. 1903 முதல் பிஜிக்கும் தென்னிந்தியர்கள் போனார்கள். இவர்களில் தமிழர் பலர். 20ஆம் நூற்றாண்டில் அவர்களின் வழிவந்தோர் மத்தியில்தான் நீரிழிவு மிகுதியாக இருப்பதை வைத்தியர்கள் டேர்பனிலும் பிஜியிலும் கண்டு எழுதினார்கள். ஊரை விட்டுப் பெயர்ந்த எமது இனத்தவரைச் சீனி வருத்தம் பின்தொடர்ந்த கதை எமது தலைமுறையில் தொடங்கியதல்ல.

ஆனால் மொரீசியஸ் இன்னொரு பாடத்தையும் தந்தது. 1987 இல் அங்கே எடுக்கப்பட்ட பெரிய கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர், கிரியோல் மக்கள், சீனர் எல்லோருக்கும் நீரிழிவு ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்திருந்தது. எனவே இரத்தத்தில் உள்ளது மட்டும் காரணமல்ல. வாழ்க்கை முறையும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கிறது.

பிரித்தானியர்களே ஒரு காலத்தில் பங்கீட்டுச் சீனியில் வாழ்ந்தவர்கள்தான். 1940 ஜனவரி முதல் 1953 செப்டெம்பர் வரை இங்கே சீனி பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. பெரும்பாலான காலத்தில் ஒருவருக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது நாளுக்குச் சுமார் 32 கிராம். இன்று இந்நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்படும் மேல் எல்லை நாளுக்கு 30 கிராம். பங்கீடு முடிந்ததும் நாட்டின் சீனிப் பாவனை ஏறக்குறைய இருமடங்கானது. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 35 வீதம் குறைவாக வந்தது என்றும், வந்தவர்களுக்கும் ஏறக்குறைய நான்கு ஆண்டு பிந்தியே வந்தது என்றும் காட்டியது. ஐந்து தேத்தண்ணி குடித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி போடுபவர் சுமார் 40 கிராமை அதிலேயே முடித்துவிடுகிறார் என்பதை இங்கே கணக்குப் பாருங்கள்.

எது எமது சாப்பாடு?

இனி எமது கோப்பைக்கு வருவோம். "எங்கட சாப்பாடு" என்று நாம் சொல்வதில் எவ்வளவு பழையது?

சம்பலுக்குப் போடும் மிளகாயும், அவித்துச் சாப்பிடும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் இப்பக்கம் வருவதற்கு முன் உறைப்பு என்றால் மிளகுதான். பாணும் கோதுமை மாவும் சாதாரண வீடுகளின் அன்றாட உணவானது இன்னும் பிந்திய கதை. இலங்கை பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியை இறக்குமதி செய்துவந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியரின் கைக்குப் போனதும் அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1970களின் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1980 இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியதும் கோதுமை மா இன்னும் எளிதாகியது. இவ்வாறாக, புட்டும் இடியப்பமும் கூடப் பல வீடுகளில் அரிசி மாவிலிருந்து வெள்ளைக் கோதுமை மாவுக்கு மாறின.

இதற்கு முன்னர் எமது பாட்டன் பாட்டியின் கோப்பையில் குத்தரிசிச் சோறும், குரக்கனும், சாமையும், ஒடியலும், முருங்கையிலையும், கீரையும், மீனும் இருந்தன. அவர்கள் தோட்டத்தில் நீர் இறைத்தார்கள், நடந்து சந்தைக்குப் போனார்கள். வெள்ளைச் சீனி அருமையான பொருளாக இருந்தது. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்திலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவர்கள் எங்களில் பலர்.

அப்படி வந்தவர்கள் 1983 யூலைக்குப் பின் இலண்டனில் இறங்கியபோது, கடை நிறையச் சாப்பாடு இருந்தது. நேரந்தான் இருக்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை. விடிய ஆறு மணிக்கு வந்து ஒரு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள் ஏராளம். இரவு முழுவதும் விழிப்பைக் காத்தது கோலாவும் சொக்லேற்றும். வார இறுதியில் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று ரோல்ஸ், வடை, பிரியாணி, கேக். பசியைக் கண்ட தலைமுறை பிள்ளையின் கோப்பையை நிரப்பிக் கொடுப்பதைத் தவறு என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் உடம்பு அந்த நியாயத்தைக் கேட்பதில்லை.

எமது உடலைப் பற்றி அறிந்தவை

பிரித்தானியாவில் தெற்காசியரின் நிலை 1980களில்தான் எண்ணிக்கையோடு தெரியவந்தது. 1985 இல் வெளியான சவுத்தோல் ஆய்வில், அங்கு வாழ்ந்த ஆசியர்களிடம் நீரிழிவு ஐரோப்பியரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு காணப்பட்டது. 1991 இல் மக்கீக் குழுவினர், தெற்காசியருக்குக் கொழுப்பு வயிற்றுப் பகுதியிற் சேர்வதும், இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காததும் இதனோடு சேர்ந்து வருவதை எழுதினார்கள். தமிழ்நாட்டிலும் இதே போக்குத்தான். சென்னையில் எம். விசுவநாதன் 1948 இல் ஸ்ரான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 2000 இல் அதே நகரில் வளர்ந்தவர்களில் 13.5 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. இலங்கையில் 2005-06 கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதம்.

இதனால்தான் எமக்கு நிறைக் கணக்கு வேறு. உடல் நிறைச் சுட்டெண் ஐரோப்பியருக்கு 25 வரை பரவாயில்லை என்றால், தெற்காசியருக்கு 23 இலேயே கவனம் வேண்டும் என்று இந்நாட்டு வழிகாட்டல்கள் 2013 முதல் சொல்கின்றன. 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது சுமார் 66 கிலோ. "நான் மெலிவு, எனக்கு வராது" என்று சொல்லும் பலர் உண்மையில் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

பிளேஸ்டோ கிளென் வீதியில் உள்ள நியூஹாம் வைத்தியசாலை திறக்கப்பட்டதும் 1983 இல்தான். நாட்டிலேயே நீரிழிவு மிகுந்த பகுதிகளில் ஒன்றுக்கு நடுவே அது நிற்கிறது. 2010களில் வேலைக்குப் போகும் இளம் நோயாளிகள் வராமல் விடுகிறார்கள் என்று கண்டு, ஸ்கைப் மூலம் முகம் பார்த்துப் பேசும் நீரிழிவு ஆலோசனையை முன்னோடியாகத் தொடங்கிய வைத்தியசாலைகளில் இதுவும் ஒன்று. ஸ்கைப் 2025 இல் மூடப்பட்டுவிட்டது. வீடியோவில் டொக்டரைப் பார்ப்பது இன்று எல்லா இடமும் வழக்கமாகிவிட்டது.

மாறிமாறி வந்த ஆலோசனைகள்

"முந்தி மாப்பொருளைக் குறை என்றார்கள், பிறகு சாப்பிடு என்றார்கள், இப்போது திரும்பவும் குறை என்கிறார்கள். எதை நம்புவது?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. 1970களில் நார்ச்சத்துள்ள மாப்பொருள் பற்றி நல்ல முடிவுகள் வந்தன. 1981 இல் டேவிட் ஜென்கின்ஸ் எந்த உணவு இரத்தச் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று வரிசைப்படுத்தினார். 1977 இல் இந்நாட்டில் தொடங்கி 1998 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 வீதம் குறைந்தது.

பின்னர் 2017 இல் நியூகாசிலைச் சேர்ந்த ரோய் ரெய்லரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீனும் நடத்திய ஆய்வு வெளிவந்தது. வருத்தம் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள், மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி நீராகாரத்தில் மேற்பார்வையோடு இருந்தார்கள். ஓராண்டின் முடிவில் 46 வீதமானோரின் சீனி மருந்தில்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 வீதம். பாரிஸ் முற்றுகையில் பூஷார்டா கண்டதை, ஈரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதால் என்று இவர்கள் விளக்கினார்கள். இது மாறாத குணம் அல்ல, நிறை திரும்பினால் வருத்தமும் திரும்பும். இன்று தேசிய சுகாதார சேவையிலும் இத்தகைய திட்டம் உண்டு. தகுதி உள்ளதா என்று உங்கள் டொக்டரிடம் கேட்கலாம். தாங்களாகவே பட்டினி கிடக்கக் கூடாது.

ஆலோசனைகள் மாறினாலும் இருநூறு ஆண்டுக்கு மேலாக மாறாத பகுதி ஒன்று உண்டு. கோப்பையில் அளவு குறையவேண்டும், இடுப்புச் சுற்றளவு குறையவேண்டும், உடல் அசையவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

சோற்றை விடவேண்டியதில்லை, அளக்கவேண்டும். சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாப்பொருள். கோப்பை நிறைய 400 கிராம் போட்டால் 110 கிராமுக்கு மேல், அத்தனையும் இரத்தத்தில் சீனியாகத்தான் வந்து சேரும். கோப்பையின் பாதியை வறை, கீரை, பாவற்காய், கத்தரிக்காய், பயற்றங்காய் போன்ற மரக்கறிக்குக் கொடுங்கள். கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை. மிச்சக் கால்வாசி சோறோ புட்டோ. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக் கணக்கு.

குத்தரிசியும் குரக்கனும் நல்லவை. ஆனால் நிறம் சிவப்பு என்பதால் இரட்டிப்பாகச் சாப்பிட்டால் பயனில்லை. குரக்கன் புட்டும் ஒடியற் கூழும் மாப்பொருள்தான். பனங்கட்டியும் தேனும் சீனிதான். பழச்சாறும் அவ்வாறே. பழத்தைப் பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள்.

பாவற்காய்ச் சாறும் வெந்தயமும் மருந்துக்குப் பதிலாகாது. மூலிகை வேண்டாம் என்பதல்ல இதன் கருத்து. மெற்ஃபோமின் குளிசையே ஐரோப்பியப் பூண்டு ஒன்றில் இருந்த இரசாயனத்தின் வழியாக உருவாகி, 1957 இல் பாரிஸ் வைத்தியர் ஜோன் ஸ்ரேர்னால் நீரிழிவுக்குப் பயன்படுத்தப்பட்டது. வித்தியாசம் என்னவென்றால், அதன் அளவும் பக்கவிளைவும் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள், சோற்றைத் திடீரெனக் குறைக்குமுன்னும், கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னும் கட்டாயம் டொக்டருடன் பேசுங்கள். சீனி 4 இற்குக் கீழே இறங்குவது ஆபத்து. மருந்தின் அளவை அவர்கள் மாற்றித் தருவார்கள்.

சாப்பிட்டபின் பத்து பதினைந்து நிமிடம் நடவுங்கள். பிளேஸ்டோவில் இருப்பவர்களுக்குக் கிறீன்வே நடைபாதை பக்கத்திலேயே இருக்கிறது.

முக்கியமாக, வருத்தக்காரருக்கு வேறு சட்டி வைக்காதீர்கள். மேலே சொன்ன கோப்பை வீட்டில் எல்லோருக்கும் நல்லது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இரண்டாம் வகை இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். தனியே ஒருவரை ஒதுக்கிவைத்துச் சாப்பிடச் சொல்லும் வீட்டில்தான் களவாகச் சாப்பிடுவது தொடங்குகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை டொக்டரிடம் போகும்போது மூன்று விடயங்களைக் கேட்டு, ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் உங்கள் எண் என்ன (48 உம் அதற்கு மேலும் நீரிழிவு, 42 முதல் 47 வரை எச்சரிக்கை), உங்கள் இரத்த அழுத்தம் என்ன, கண்ணும் காலும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன. 40 முதல் 74 வயதுக்கு இடைப்பட்டவர்கள் வருத்தம் இல்லையென்றாலும் இலவச உடல்நலப் பரிசோதனைக்கு உரியவர்கள். ஆங்கிலம் கடினம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அந்தத் துண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.